வீட்டில் ஐடிபி உள்ள பெரியவர் இருந்தால்: ரத்தக்கசிவைத் தடுக்கும் வழிகள்

ரிப்போர்ட்டில் பிளேட்லெட் 18,000 என்று பார்த்ததும் வீடே பதறிப்போகும். ஒருவர் பப்பாளி இலை தேடி ஓடுவார். இன்னொருவர் ரத்தம் கொடுக்க ஆள் திரட்டப் போனை எடுப்பார். அந்த அமளிக்கு நடுவில் பெரியவர், மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கிவைத்த டைக்ளோபினாக்கைச் சாவகாசமாக விழுங்கிக்கொண்டிருப்பார். 18,000 என்ற எண்ணை ஒரே நாளில் மாற்ற முடியாது. அந்த மாத்திரையை அந்த நிமிடமே நிறுத்தலாம். வயதானவர்களின் ஐடிபி-யில் வீட்டார் செய்யக்கூடிய வேலை பெரும்பாலும் இந்த மாதிரிதான்: எண்ணை டாக்டரிடம் விட்டுவிட்டு, ரத்தம் கசியக்கூடிய வழிகளை ஒவ்வொன்றாக அடைப்பது.

ஐடிபி என்பது இம்யூன் த்ராம்போசைட்டோபீனியா. ரத்தக்கசிவை நிறுத்தும் சிறு அணுக்கள்தான் பிளேட்லெட், அதாவது தட்டணு. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சொந்தத் தட்டணுக்களையே அந்நியன் என்று நினைத்து எதிர்ப்பொருளால் (ஆன்டிபாடி) குறிவைக்கிறது. குறி விழுந்த தட்டணுக்களை மண்ணீரல் விழுங்கிவிடுகிறது. எலும்பு மஜ்ஜையில் புதிதாக உருவாவதும் குறைகிறது. 7 முதல் 10 நாள் வாழ வேண்டிய தட்டணு சில மணி நேரத்திலேயே போய்விடலாம். 1950-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் வில்லியம் ஹாரிங்டன் என்ற மருத்துவர், ஐடிபி நோயாளியின் ரத்தத்தைத் தன் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்தில் அவருடைய பிளேட்லெட்டும் சரிந்தது. அழிக்கும் பொருள் ரத்தத்திலேயே ஓடுகிறது என்பது அப்படித்தான் தெரியவந்தது. பிளேட்லெட் பை ஏற்றினால் ஐடிபி-யில் ஏன் நிற்பதில்லை என்பதற்கும் இதுதான் விடை. அடுத்தவர் கொடுத்த தட்டணுவையும் அந்த எதிர்ப்பொருள் விட்டுவைக்காது. அதனால் உயிருக்கு ஆபத்தான ரத்தப்போக்கு இருந்தால் மட்டுமே, வேறு மருந்துகளோடு சேர்த்து, பை ஏற்றுவார்கள். எண் குறைந்திருக்கிறது என்பதற்காக மட்டும் ஏற்றச் சொல்லி டாக்டரை நெருக்க வேண்டாம்.

முதலில், எண் உண்மைதானா?

ஒரே எண்ணை லேப்கள் மூன்று விதமாக எழுதும். 18,000 என்பது ஒரு லேபில் "0.18 லட்சம்" என்றும், இன்னொன்றில் "ஆயிரம்" என்ற அலகில் வெறும் 18 என்றும் வரும். 0.18-ஐ 1.8 லட்சம் என்று படித்து நிம்மதியாக இருந்துவிடுவதும் உண்டு, 1.8 லட்சத்தைக் குறிக்கும் 180-ஐப் பார்த்து அலறுவதும் உண்டு. அலகைப் பார்த்துவிட்டு எண்ணைப் பார்க்கவும். இயல்பான அளவு 1.5 லட்சத்திலிருந்து 4.5 லட்சம் வரை. 1 லட்சத்துக்குக் கீழே இறங்கினால்தான் ஐடிபி என்ற பேச்சே வரும்.

அடுத்தது, பொய்க்குறைவு. ரத்தம் உறையாமல் இருக்க ஊதா மூடிக் குழாயில் இடிடிஏ என்ற உப்பு இருக்கும். சிலருடைய தட்டணுக்கள் அந்த உப்பு பட்டதும் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாகிவிடும். இயந்திரம் கொத்தைத் தட்டணு என்று எண்ணாது. 2 லட்சம் இருப்பவருக்கு 30,000 என்று அச்சடித்துக் கொடுக்கும். உடம்பில் ஒரு புள்ளிகூட இல்லாமல் எண் மட்டும் பாதாளத்தில் இருந்தால் முதலில் இதைச் சந்தேகிக்க வேண்டும். நீல மூடியுள்ள சிட்ரேட் குழாயில் மறுபடி எடுத்து, கண்ணாடித் தகட்டில் பூசி நுண்ணோக்கியில் ஒருவர் கண்ணால் பார்த்தால் விஷயம் தெளிவாகிவிடும். சிட்ரேட் குழாயில் வரும் எண்ணை 1.1-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

அதன் பிறகும் குறைவுதான் என்றால், ஐடிபி என்று முத்திரை குத்துமுன் மற்றவற்றை விலக்க வேண்டும். ஐடிபி-யை உறுதிசெய்யும் ஒற்றைப் பரிசோதனை கிடையாது. இளைஞரைவிட முதியவரிடம் இந்த விலக்கும் வேலை நீளமானது. கல்லீரல் சுருக்கத்தால் மண்ணீரல் வீங்கியிருக்கலாம், பி12 குறைந்திருக்கலாம், ஹெபடைடிஸ் சி அல்லது எச்ஐவி இருக்கலாம், லிம்போமா மாதிரியான ரத்தப் புற்றுநோய் ஒளிந்திருக்கலாம். மழைக்காலத்தில் காய்ச்சலோடு குறைந்தால் டெங்குவையும் பார்க்க வேண்டும். ஐடிபி-யில் காய்ச்சல் வராது. 60 வயதுக்கு மேல் தனியாகக் கவனிக்க வேண்டியது எம்டிஎஸ் எனும் மஜ்ஜைக் கோளாறு. ஹீமோகுளோபினும் வெள்ளணுவும் சேர்ந்து குறைந்திருந்தாலோ, சிவப்பணுவின் அளவு பெருத்திருந்தாலோ, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஸ்டீராய்டுக்கு எண் அசையாவிட்டாலோ மஜ்ஜைப் பரிசோதனை வேண்டும் என்பார்கள். அதற்குப் பயந்து தள்ளிப்போட வேண்டாம். பிளேட்லெட் குறைவாக இருந்தாலும் இடுப்பெலும்பில் அதைச் செய்யலாம், பிறகு நன்றாக அழுத்திப் பிடித்தால் போதும்.

கடந்த ஒரு மாதத்தில் புதிதாகத் தொடங்கிய மாத்திரைகளின் பட்டியலும் டாக்டருக்கு வேண்டும். கோட்ரைமாக்சசோல், லினசோலிட், வால்ப்ரோயேட், கால் பிடிப்புக்கு எடுக்கும் குயினைன், ஆஸ்பத்திரியில் போட்ட ஹெபாரின் ஆகிய ஒவ்வொன்றும் பிளேட்லெட்டைக் குறைக்கக்கூடியது.

வயது ஏன் கணக்கை மாற்றுகிறது

20,000 உள்ள இருபது வயதுப் பெண் பேருந்தில் தொங்கிக்கொண்டு கல்லூரிக்குப் போய்வருவாள். அதே 20,000 உள்ள 75 வயதுக்காரரை அப்படி விட முடியாது. அவருக்கு ரத்த அழுத்தம் இருக்கும். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் இருக்கும் தட்டணுவும் சரியாக ஒட்டாது. ஸ்டென்ட் வைத்ததற்கு ஆஸ்பிரின் ஓடிக்கொண்டிருக்கும். இரவில் மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுந்து நடப்பார். வயதோடு மூளை சற்றுச் சுருங்குவதால், அதை மண்டையோட்டோடு இணைக்கும் சிறு ரத்தக்குழாய்கள் இழுபட்டு நிற்கும். லேசாகத் தலையில் இடித்தாலும் அவை கசியலாம். அதனால் பொதுவாக 30,000-க்குக் கீழ் போனால் சிகிச்சை என்ற கோடு, முதியவருக்குக் கொஞ்சம் மேலே நகரும். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எடுப்பவருக்கு 50,000-ஐ ஒட்டியே டாக்டர் சிகிச்சை தொடங்கலாம்.

ஒரு விஷயத்தில் பயம் வேண்டாம். முன்கையில் தோல் மெலிந்து, தட்டினாலே கத்தரிப்பூ நிறத்தில் திட்டுத் திட்டாக வருவது வயதின் வேலை. பிளேட்லெட் 3 லட்சம் இருப்பவருக்கும் வரும். ஐடிபி-யின் புள்ளி வேறு மாதிரி: குண்டூசித் தலை அளவில், சிவப்பாக, கணுக்காலைச் சுற்றியும் முழங்காலுக்குக் கீழும் கூட்டமாக வரும். கண்ணாடி டம்ளரால் அழுத்தினால் மறையாது. இவற்றைவிடக் கவலைக்குரியது வாய்க்குள் வரும் ரத்தக் கொப்புளம். கன்னத்தின் உட்புறத்திலோ நாக்கிலோ கருஞ்சிவப்புக் கொப்புளம் தெரிந்தால், எண் எதுவாக இருந்தாலும் அன்றே டாக்டரைக் கூப்பிட வேண்டும். தினமும் பல் தேய்த்த பிறகு டார்ச் அடித்து வாயைப் பார்ப்பது அரை நிமிட வேலை. வாராவாரம் ரத்தம் குத்திப் பார்ப்பதைவிடச் சில சமயம் அதுவே முன்கூட்டிச் சொல்லிவிடும்.

மாத்திரை டப்பாவைக் கொட்டுங்கள்

வீட்டிலுள்ள எல்லா மருந்தையும் ஒரு துணியில் கொட்டிப் பிரியுங்கள். தலையணைக்கடியில் இருப்பது, சுருக்குப் பையில் இருப்பது, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தது எல்லாம் வெளியே வர வேண்டும்.

ஐபுப்ரோபென், டைக்ளோபினாக், அசெக்ளோபினாக், நாப்ராக்சன், மெபனமிக் அமிலம்: இவை ஒதுங்க வேண்டியவை. தட்டணு ஒட்டுவதைக் கெடுப்பதோடு வயிற்றில் புண்ணும் போடும். ஸ்டீராய்டோடு சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. இவை தனிப் பெயரில் வருவது குறைவு. பாரசிட்டமாலோடு கலந்து ஒரே அட்டையில் வரும், வீட்டார் அதைக் "காய்ச்சல் மாத்திரை" என்று நினைத்திருப்பார்கள். அட்டையின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். வலிக்குத் தனிப் பாரசிட்டமால் 500 அல்லது 650 மி.கி., ஒரு நாளைக்கு மொத்தம் 3 கிராமைத் தாண்டாமல். கல்லீரல் பிரச்சினை இருந்தால் இன்னும் குறைவு.

கிளினிக்கில் "ஒரு ஊசி போட்டுவிடுங்கள் டாக்டர்" என்று பெரியவர்களே கேட்பார்கள். இடுப்பில் போடும் ஊசி சதைக்குள் போகிறது. பிளேட்லெட் 30,000-க்குக் கீழே இருந்தால் அங்கே ரத்தம் கட்டி உருண்டையாகும், நரம்பை அழுத்தும். போடப்படுவதும் பெரும்பாலும் டைக்ளோபினாக்காகவே இருக்கும், ஆகக் கேடு இரட்டிப்பு. தவிர்க்க முடியாத தடுப்பூசி என்றால் மெல்லிய ஊசியில் போட்டு, தேய்க்காமல், ஐந்து நிமிடம் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள்.

ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபாரின், அபிக்சபான் போன்ற உறைவு தடுக்கும் மாத்திரைகளின் கதை வேறு. பயந்து வீட்டாரே நிறுத்திவிடக் கூடாது. ஐடிபி உள்ளவருக்கு ரத்தம் கசியும் ஆபத்தோடு ரத்தம் உறைந்து அடைக்கும் ஆபத்தும் சற்றுக் கூடுதலாக உண்டு. சமீபத்தில் வைத்த ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் அதுவும் உயிர்ப் பிரச்சினைதான். பொதுவாக 50,000-க்கு மேல் இருந்தால் இவற்றைத் தொடர விடுவார்கள்; அதற்குக் கீழே அளவைக் குறைப்பதா, இரண்டு மருந்து ஓடினால் ஒன்றை நிறுத்துவதா, அல்லது அந்த மருந்துக்காகவே பிளேட்லெட்டை மேலேற்றுவதா என்பதை இதய டாக்டரும் ரத்தநோய் டாக்டரும் சேர்ந்து முடிவுசெய்ய வேண்டும். இருவரும் தனித்தனி ஊர்களில் இருந்தால், ஒருவர் எழுதியதை இன்னொருவரிடம் காட்டுவது வீட்டாரின் பொறுப்பு. தவறு நடப்பது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான்.

மீன் எண்ணெய் மாத்திரை, பூண்டு மாத்திரை, ஜின்கோ: நிறுத்திவிடலாம். சாப்பாட்டில் போடும் பூண்டுக்கும் மீனுக்கும் தடையில்லை. பப்பாளி இலைச்சாறு ஐடிபி-க்கு வேலை செய்யும் என்பதற்கு நம்பும்படியான ஆதாரம் இல்லை. மாதுளை, பேரீச்சை, கிவி எதுவும் எண்ணை உயர்த்தாது. பிடித்தால் சாப்பிடட்டும்.

ஸ்டீராய்டு

முதல் மருந்து இதுதான். வழக்கமாக ப்ரெட்னிசோலோன், கிலோவுக்கு 1 மி.கி.; 60 கிலோ எடைக்கு 60 மி.கி., அதிகபட்சம் 80. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே வேளையாக. மாலையில் கொடுத்தால் இரவெல்லாம் தூக்கம் வராது. ஒன்று முதல் இரண்டு வாரத்தில் எண் ஏறத் தொடங்க வேண்டும். இரண்டு, மூன்று வாரத்தில் ஏறினாலும் ஏறாவிட்டாலும் அளவைக் குறைக்கத் தொடங்கி, ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முடித்துவிடுவதே சரியான முறை. இன்னொரு வழி டெக்சாமெத்தசோன் 40 மி.கி. நான்கு நாள் மட்டும். சர்க்கரை உள்ள முதியவருக்கு இதைப் பாதியாகக் குறைக்கும் டாக்டர்கள் உண்டு.

இங்கே அதிகம் நடக்கும் தப்பு, ஸ்டீராய்டை மாதக்கணக்கில் இழுப்பது. குறைத்தால் எண் இறங்குகிறது, ஏற்றினால் ஏறுகிறது என்று ஊஞ்சல் ஆடிக்கொண்டிருப்பார்கள். இதற்குள் தொடைச் சதை கரைந்து, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழ முடியாத நிலை வந்துவிடும். ரத்தக்கசிவைத் தடுக்கக் கொடுத்த மருந்தே ஆளைக் கீழே விழவைக்கும். மூன்றாவது மாதமும் ஸ்டீராய்டே ஓடுகிறது என்றால் அடுத்த மருந்து என்ன என்று நேராகக் கேளுங்கள். ஆனால் மூன்று வாரத்துக்கு மேல் எடுத்தவர் திடீரென நிறுத்தக் கூடாது; உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைத் தானாகச் சுரப்பதை மறந்திருக்கும், ரத்த அழுத்தம் விழுந்து மயங்கிவிடலாம்.

சர்க்கரையைப் பார்க்கும் நேரம் முக்கியம். காலையில் எடுத்த ப்ரெட்னிசோலோன் மதியத்திலிருந்து மாலை வரை சர்க்கரையை ஏற்றும், விடியற்காலையில் இறங்கிவிடும். வெறும் வயிற்றில் 110 என்று பார்த்துத் திருப்தியடைபவருக்கு மாலை 4 மணிக்கு 350 ஓடிக்கொண்டிருக்கலாம். மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும் மாலையிலும் குத்திப் பாருங்கள். முன்பு சர்க்கரை இல்லாதவருக்கும் முதல் வாரத்திலேயே பார்க்க வேண்டும்.

தொடங்குமுன் ஹெபடைடிஸ் பி பரிசோதனை செய்துவிட வேண்டும். பழைய காசநோய் இருந்தால் சொல்ல வேண்டும். வயலில் வெறுங்காலோடு உழைத்த பெரியவர்கள் குடலில் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற புழு பத்தாண்டுக் கணக்கில் சத்தமில்லாமல் இருக்கலாம். ஸ்டீராய்டு கொடுத்ததும் அது உடம்பெங்கும் பரவிவிடும். அதற்கு முன்கூட்டியே மருந்து வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்கலாம். கால்சியமும் வைட்டமின் டி-யும் உடன் வேண்டும். நாக்கில் வெள்ளை படிந்தால் பூஞ்சை.

அடுத்த கட்ட மருந்துகள்

எல்ட்ரோம்போபாக் மஜ்ஜையைத் தூண்டி அதிகத் தட்டணு செய்ய வைக்கிறது. எதிர்ப்புச் சக்தியை அடக்காது என்பதால் முதியவருக்கு ஏற்ற மருந்து. ஆனால் நம் வீட்டில் இது தோற்பதற்குப் பல சமயம் காரணம் பாலும் கேழ்வரகும். கால்சியம், இரும்பு, புளியேப்பத்துக்குக் குடிக்கும் ஆன்டாசிட் எல்லாம் இந்த மாத்திரையைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ, 4 மணி நேரம் கழித்தோதான் மாத்திரை போட வேண்டும். கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மி.கி.க்கு மேல் கால்சியம் உண்டு. கூழ் குடித்த கையோடு மாத்திரை போட்டால் வீண். நடைமுறையில் எளிது: விடியற்காலை 5 மணிக்கு வெறும் தண்ணீரில் மாத்திரை, 7 மணிக்குப் பால் காப்பி. ஸ்டீராய்டுக்காகக் கொடுத்த கால்சியம் மாத்திரையை மதியத்துக்குத் தள்ளிவிடுங்கள். எண் ஏறவில்லை என்று அளவைக் கூட்டுமுன் இந்த இடைவெளி சரியாக இருந்ததா என்று பார்க்க வேண்டும்.

நோக்கம் 50,000-க்கு மேல் வைத்திருப்பதுதான். 2 லட்சத்தைத் தாண்டினால் அளவைக் குறைப்பார்கள், 4 லட்சத்தைத் தாண்டினால் நிறுத்துவார்கள். "இன்னும் ஏறட்டுமே" என்ற ஆசை ரத்தக்கட்டியில் கொண்டுபோய் விடும். ஒரு காலில் மட்டும் வீக்கம், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி வந்தால் உடனே போக வேண்டும். கல்லீரல் பரிசோதனையை டாக்டர் சொன்ன நாளில் தவறாமல் செய்யுங்கள். கொழுப்புக்கு ரோசுவாஸ்டாடின் எடுப்பவர் சொல்லிவிட வேண்டும், அதன் அளவு ரத்தத்தில் கூடும். கையிருப்பு தீரும்வரை காத்திருக்காதீர்கள்: சட்டென்று நின்றால் எண் பழைய இடத்தைவிடக் கீழே விழலாம். இதே போல மஜ்ஜையைத் தூண்டும், வாரம் ஒருமுறை தோலுக்கடியில் போடும் ரோமிப்ளோஸ்டிமுக்குச் சாப்பாட்டுக் கட்டுப்பாடு இல்லை.

எதிர்ப்பொருள் உருவாகக் காரணமான செல்களைக் குறைக்கும் ரிட்டுக்சிமாபுக்கு முன் ஹெபடைடிஸ் பி கட்டாயம் பார்க்க வேண்டும், தடுப்பூசிகளும் அதற்கு முன்பே முடிய வேண்டும். டாப்சோன் மாத்திரை மலிவானது, சிவப்பணுவைக் காக்கும் ஜி6பிடி நொதிக்கான பரிசோதனை இல்லாமல் தொடங்கக் கூடாது. மண்ணீரலை எடுப்பது முதியவர்களுக்குக் கடைசி வழி.

வீடும் உடம்பும்

குளியலறையில் கைப்பிடிக் கம்பி, ரப்பர் விரிப்பு, ஸ்டூல். கட்டிலிலிருந்து கழிவறை வரை இரவு விளக்கு. வழியில் உருளும் மிதியடியை எடுத்துவிடுங்கள். எழுந்ததும் நடக்காமல் கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழ வேண்டும். தூக்க மாத்திரை உண்மையிலேயே தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். ரத்த அழுத்தம் 140/90-க்குக் கீழே இருக்கட்டும். ஸ்டீராய்டு அதையும் ஏற்றும். மென்மையான பிரஷ், வேப்பங்குச்சியும் பல்குத்தும் குச்சியும் வேண்டாம். முகம் மழிக்க மின்சார ரேசர். மலம் இறுகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், எனிமா கூடாது.

ரத்தம் வந்தால்

மூக்கில் வந்தால் தலையைப் பின்னால் சாய்க்கும் பழக்கத்தை விடுங்கள். ரத்தம் தொண்டைக்குள் இறங்கி வாந்தியாகும். உட்கார்ந்து முன்னால் குனிந்து, எலும்புக்குக் கீழே உள்ள மென்மையான பகுதியை இரு விரலால் இறுக்கி, கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிடம் பிடிக்க வேண்டும். இடையில் "நின்றுவிட்டதா" என்று விட்டுப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்துதான். இரண்டு முறை பிடித்தும் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரி.

ஈறு கசிந்தால், டாக்டர் அனுமதித்திருந்தால், உறைந்த ரத்தம் கரையாமல் காக்கும் டிரானெக்சாமிக் அமிலம் 500 மி.கி. மாத்திரை ஒன்றைப் பொடித்து 10 மி.லி. தண்ணீரில் கலக்கி, வாயில் 2 நிமிடம் வைத்துக் கொப்பளித்துத் துப்பலாம், நாளைக்கு நான்கு முறை. முழுதாகக் கரையாது, பரவாயில்லை. சிறுநீரில் ரத்தம் வரும்போது இதே மருந்தை விழுங்கக் கூடாது. ரத்தக்கட்டி உருவாகிச் சிறுநீர்ப் பாதையை அடைத்துவிடும்.

தார் போலக் கறுத்து, ஒட்டும் தன்மையோடு, கெட்ட நாற்றத்துடன் மலம் போனால் குடலில் ரத்தம். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும், ஆனால் தார் போல ஒட்டாது. பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் சிறுநீர் சிவப்பதையும் நினைவில் வையுங்கள்.

தலையில் இடித்துக்கொண்டால் வெளியே காயம் இருக்கிறதா என்று பார்த்து முடிவெடுக்காதீர்கள். பிளேட்லெட் 50,000-க்குக் கீழே இருந்தாலோ, உறைவு தடுக்கும் மாத்திரை எடுத்தாலோ, அன்றே சிடி ஸ்கேன். ஸ்கேன் சரியாக இருந்தாலும் அடுத்த சில வாரங்கள் கண் வைக்க வேண்டும். ரத்தம் மெல்ல மெல்லத் தேங்கி, ஒரு கால் இழுபடுவது, பகலெல்லாம் தூங்குவது, பேச்சு ஒரு மாதிரி ஆவது என்று பிறகு தெரியவரும். "வயசாயிடுச்சு, அதான்" என்று விட்டுவிடும் அறிகுறிகள் இவைதான். திடீர்த் தலைவலி, வாந்தி, குழப்பம், கை கால் விழுவது, வாந்தியில் ரத்தம்: யோசிக்காமல் 108.

பல் பிடுங்க 30,000-க்கு மேல், சிறு அறுவைக்கு 50,000, பெரிய அறுவைக்கு 80,000, மூளை சார்ந்ததற்கு 1 லட்சம் என்பது பொதுக்கணக்கு. கண்புரைக்கு ஊசியில்லாமல் சொட்டு மருந்தால் மட்டும் மரக்கச் செய்ய முடியுமா என்று கேளுங்கள்.

பெரியவரின் சட்டைப்பையிலோ பர்ஸிலோ ஒரு அட்டை இருக்கட்டும்: ஐடிபி என்ற பெயர், கடைசி மூன்று எண்ணிக்கை தேதியோடு, ரத்த வகை, எடை, எடுக்கும் மருந்துகள், ரத்தநோய் டாக்டரின் போன் எண், "தசையில் ஊசி வேண்டாம், டைக்ளோபினாக் வேண்டாம்" என்ற வரி. எடை எதற்கென்றால், உயிர் போகும் ரத்தப்போக்கில் ஸ்டீராய்டோடு, தானமாகப் பெற்ற ரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்பொருளான இம்யூனோகுளோபுலினைக் கிலோவுக்கு 1 கிராம் கணக்கில் ஏற்றுவார்கள். 60 கிலோவுக்கு 60 கிராம். நள்ளிரவு காஷுவால்டியில் நிற்க முடியாதவரை எடை மெஷினில் ஏற்றிப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது. சிறுநீரகமோ இதயமோ பலவீனமாக இருந்தால் அதையும் அட்டையில் எழுதுங்கள், அந்த மருந்தை மெதுவாக ஏற்ற வேண்டியிருக்கும்.